32 வயதில் மார்பில் ஒரு கட்டி

(திரையில்: அருகருகே இரண்டு மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்-ரே படங்கள்)

இந்த இரண்டு படங்களையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இடப்பக்கம் இருப்பது 65 வயது அம்மாவுடையது. அந்த வயதில் மார்பகத்தில் கொழுப்பே அதிகம் என்பதால் படம் கறுப்பாக இருக்கிறது. நடுவே வெள்ளையாக ஒரு கட்டி. யார் பார்த்தாலும் தெரியும். வலப்பக்கம் 32 வயதுப் பெண்ணுடையது. பால் சுரப்பிகள் நெருக்கமாக இருப்பதால் படமே வெள்ளை, கட்டியும் வெள்ளை. பஞ்சு மூட்டைக்குள் பஞ்சைத் தேடுகிற கதை.

அதனால் இளம் பெண்களுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான். பெரும்பாலும் குளிக்கும்போதோ உடை மாற்றும்போதோ கையில் தட்டுப்பட்டுத்தான் வருகிறார்கள். வந்தாலும் "இந்த வயசுல கேன்சரெல்லாம் வராதும்மா" என்ற பதில் கிடைக்கும். கைக்குழந்தை இருந்தால் "பால் கட்டியிருக்கும், ஒத்தடம் கொடு."

அப்படிச் சொல்பவர்கள் முழுக்கத் தவறில்லை. இந்த வயதில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. கோலிக்குண்டு மாதிரி விரலுக்கு வழுக்கி ஓடும் சாதாரணக் கட்டிகள். ஆனால் விரலை மட்டும் நம்பக் கூடாது. இரண்டு வாரத்தில் கரையாத கட்டிக்கு ஸ்கேன், சந்தேகம் என்றால் ஊசி வழியே சதைப் பரிசோதனை. கர்ப்பிணிகளுக்கும் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் இவை இரண்டையும் செய்யலாம்.

இளம் வயதில் வரும் புற்றுநோய் பல நேரம் முரட்டு ரகம். ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைக்கு அடங்காத டிரிபிள் நெகட்டிவ் வகை இவர்களிடம் கூடுதலாக வருகிறது. பரம்பரையாக வந்து மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறும் அப்படியே. குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லாவிட்டாலும் மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான்.

(திரையில்: எள் அளவு உலோகக் கிளிப்)

சரி, ஆபரேஷன். "சின்ன வயசு டாக்டர், முழுசா எடுத்துடுங்க" என்று வீட்டில் கெஞ்சுவார்கள். இத்தாலியில் வெரோனேசி, அமெரிக்காவில் ஃபிஷர் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர்கள் நோயாளிகளை 20 வருடம் கண்காணித்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள்: கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும், மார்பகத்தையே எடுத்தாலும், ஆயுள் ஒன்றுதான். இளம் வயதில் அதே மார்பகத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு சற்றே அதிகம். அதற்காகக் கட்டி இருந்த இடத்துக்குக் கூடுதல் கதிர்வீச்சு. மரபணுக் கோளாறு இருந்தால் மட்டும் கணக்கு மாறும். இரண்டு பக்கமும் எடுப்பது பற்றிப் பேச வேண்டி வரலாம்.

கட்டி பெரிதாக இருந்தால் கீமோ முதலில். இங்கே ஒரு வேடிக்கை உண்டு: மருந்து நன்றாக வேலை செய்தால் கட்டியே காணாமல் போய்விடும், அப்புறம் டாக்டர் எங்கே வெட்டுவார்? அதற்குத்தான் இந்தக் கிளிப். முன்கூட்டியே கட்டிக்குள் வைத்துவிடுவார்கள்.

முதல் கீமோவுக்கு முன்பே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "டாக்டர், பின்னாடி குழந்தை பெத்துக்க முடியுமா?" கீமோ கருமுட்டைகளைப் பாதிக்கும். முட்டைகளை எடுத்து உறைய வைக்கச் சுமார் இரண்டு வாரம் போதும். ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் இடையில் நிறுத்திக் கருத்தரிக்கலாமா என்று பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது. குறுகிய காலத்தில் நோய் திரும்புவது அதனால் கூடவில்லை. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் கருத்தரித்தார்கள்.