வியட்நாம்: ஒரே ரயில் பாதையில் மூன்று நகரங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வியட்நாமுக்குப் போக எண்ணியிருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ஒரு பயணத்தில் எத்தனை நகரங்களைப் பார்க்கலாம் என்பதைத்தான். மூன்று போதும் என்பதே என் விடை: வடக்கே ஹனோய், நடுவே ஹுவே, தெற்கே ஹோ சி மின் நகரம். மூன்றையும் ஒரே ரயில் பாதை இணைக்கிறது. மூன்றிலும் மக்கள் விரும்பி உண்ணும் காலை உணவு, ஒரு கிண்ணம் சூடான அரிசி நூடுல்ஸ் சூப். ஆனால் அந்தக் கிண்ணத்துக்குள் இருப்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. ஏன் மாறுகிறது என்று தேடிப் போனால், நாம் பார்க்க வேண்டிய கோட்டையும் கோயிலும் கடைத்தெருவும் அந்தத் தேடலின் வழியிலேயே வந்துவிடுகின்றன. ஆகவே, பார்க்கும் இடங்களுக்கு ஒரு பட்டியல், சாப்பாட்டுக்கு வேறொரு பட்டியல் என்று பிரித்துத் திட்டமிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஹனோய் 1010ஆம் ஆண்டில் லீ வம்சத்து மன்னர் தலைநகராகத் தேர்ந்தெடுத்த ஊர். அங்கே நான் முதலில் போகச் சொல்வது இலக்கியக் கோயிலுக்கு. 1070இல் கன்ஃபூசியஸுக்காக எழுப்பப்பட்ட அந்த வளாகத்தில், பின்னாளில் அரசுத் தேர்வுகளில் உயர்ந்த பட்டம் பெற்றவர்களின் பெயர்களைப் பொறித்த 82 கல்வெட்டுகள், கல்லால் செதுக்கிய ஆமைகளின் முதுகில் நிற்கின்றன. மன்னர்களின் வெற்றிகளைக் கல்லில் வெட்டி வைத்த நாடுகள் பல உண்டு. படித்துத் தேறியவர்களின் பெயரை இத்தனை மரியாதையோடு கல்லில் காத்து வைத்திருப்பதைக் கண்டபோது எனக்கு உண்மையாகவே மனம் நெகிழ்ந்தது. இன்றும் தேர்வுக் காலத்தில் மாணவர்கள் இங்கே வந்து வேண்டிக்கொள்கிறார்கள்.

அங்கிருந்து ஹோவான் கியெம் ஏரிக்கு வந்து அதன் வடகரையைக் கடந்தால், பழைய வணிகத் தெருக்கள் தொடங்குகின்றன. பல தெருக்களின் பெயர் 'ஹாங்' என்று ஆரம்பிக்கும். சரக்கு என்பது அதன் பொருள். வெள்ளி விற்ற தெரு ஹாங் பாக், காகிதப் பொருள்கள் விற்கும் தெரு ஹாங் மா. ஒவ்வொரு தொழில் சமூகமும் தனக்கென ஒரு தெருவை வைத்திருந்த காலத்தின் அடையாளம் இது. இந்தத் தெருக்களில் விடியற்காலை ஆறு மணிக்கு நடக்க வேண்டும். நடைபாதையில் முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் முக்காலிகள் போடப்பட்டிருக்கும்; பெரிய பாத்திரத்திலிருந்து அன்னாசிப்பூவும் பட்டையும் சுட்ட இஞ்சியும் கலந்த மணம் எழும். அதுதான் ஃபோ என்னும் அரிசி நூடுல்ஸ் சூப்.

ஃபோ பழங்கால உணவு என்று பலர் எண்ணுகிறார்கள். அது பிறந்து நூறாண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. உழவுக்கே பெரிதும் பயன்பட்ட மாடுகளைப் பிரெஞ்சு ஆட்சியாளர்கள் இறைச்சிக்காகக் கேட்கத் தொடங்கியபோது, மிஞ்சிய எலும்புகளை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து உருவான சாறு இது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஹனோயில் அந்தச் சாறு தெளிவாக இருக்கும். மேலே வெங்காயத்தாள், அதற்கு மேல் அதிகம் எதுவும் இராது. சாற்றின் சுவையை மறைக்கும் எதையும் சேர்க்க வடக்கத்தியவர்கள் தயங்குகிறார்கள். முதலில் ஒரு கரண்டி சாற்றை மட்டும் குடித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு எலுமிச்சையோ மிளகாயோ சேர்ப்பதே அங்கே முறை. மாலையில் முட்டைக் காப்பியும் குடித்துப் பாருங்கள். 1946இல் பால் கிடைக்காத நெருக்கடியில், முட்டை மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு அடித்துக் காப்பியின் மேல் ஊற்றிய ஒரு ஹோட்டல் பணியாளரின் யோசனை அது.

ஹனோயிலிருந்து இரவு ரயில் ஏறினால் மறுநாள் ஹுவே. மொத்தம் 1,726 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதை 1936இல் முழுமை பெற்று, நாடு வடக்கு, தெற்கு என இரண்டானபோது துண்டாகி, போர் முடிந்தபின் 1976இல் மீண்டும் இணைக்கப்பட்டது. விமானத்தில் போனால் நேரம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனாலும் இந்த நாட்டின் நீளத்தை உடம்பால் உணர ரயில்தான் வேண்டும்.

ஹுவே 1802 முதல் 1945 வரை நுயென் அரசர்களின் தலைநகரம். நறுமண ஆற்றின் கரையில் சுமார் 10 கிலோமீட்டர் சுற்றளவில் கோட்டை நிற்கிறது. உள்ளே சென்றால் அரண்மனைகளுக்கு இணையாகப் புல்வெளிகளும் கண்ணில் படும். 1947இலும் 1968இலும் நடந்த சண்டைகளில் அழிந்த கட்டடங்களின் இடம் அது. கடைசிப் பேரரசர் பாவோ தாய் 1945 ஆகஸ்ட் 30 அன்று முடிதுறந்தது நோ மோன் என்னும் தெற்கு வாயிலில். அந்த வாயில் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. வெயில் ஏறுமுன் கோட்டையைப் பார்த்துவிட்டு, பிற்பகலில் மின் மாங், து டுக் மன்னர்களின் கல்லறைத் தோட்டங்களுக்குப் போகலாம். அவசரப்பட வேண்டாம், து டுக் தன் கல்லறை வளாகத்தை உயிரோடு இருக்கும்போதே ஓய்வு மாளிகையாகவும் பயன்படுத்தியவர், குளக்கரை மண்டபத்தில் உட்கார்ந்தால் காரணம் விளங்கும்.

அரசவை இருந்த ஊர் என்பது ஹுவேயின் சாப்பாட்டிலும் தெரிகிறது. எல்லாமே சிறு சிறு தட்டுகளில், பார்வைக்கு அழகாக வருகின்றன. பான் பேவோ என்பது அரிசி மாவைச் சிறு கிண்ணங்களில் ஊற்றி ஆவியில் வேகவைத்து, மேலே உலர்ந்த இறால் தூவித் தருவது. நம் வீட்டு இட்லியின் மிக மெல்லிய உறவினர் என்றே எனக்குத் தோன்றியது. காலைக் கிண்ணமோ ஹனோயின் அமைதிக்கு நேர் எதிர். புன் போ ஹுவே என்னும் அந்தச் சூப்பில் எலுமிச்சைப் புல்லும் மிளகாயும் இறால் விழுதும் சேர்ந்து, நம் நாக்குக்குப் பழக்கமான காரத்தைத் தருகின்றன.

ஹுவேயிலிருந்து டா நாங் வரையிலான சுமார் மூன்று மணி நேரப் பயணத்தில், ஹாய் வான் மலைச்சரிவில் ரயில் கடலை ஒட்டி ஊர்ந்து செல்லும். டா நாங்கில் ஒரு நாள் இறங்குவது மிகவும் நல்லது. 1919இல் திறக்கப்பட்ட சாம் சிற்ப அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. முற்காலத்தில் நடு வியட்நாமை ஆண்ட, வடமொழிக் கல்வெட்டுகளை விட்டுச்சென்ற, சிவனை வழிபட்ட சம்பா அரசுகளின் சிற்பங்களை அதில் காணலாம். அவர்களுடைய மீ சோன் கோயில்களும், பழைய துறைமுக நகரமான ஹோய் ஆனும் டா நாங்கிலிருந்தே போய்வரக்கூடிய தூரத்தில் உள்ளன; இரண்டையும் 1999இல் யுனெஸ்கோ உலக மரபிடங்களாக அறிவித்தது.

தெற்கே, ஊர் மக்கள் இன்றும் சைகோன் என்றே அழைக்கும் ஹோ சி மின் நகரம். போரின் கடைசி நாளான 1975 ஏப்ரல் 30 அன்று வடக்கு வியட்நாமின் டாங்கிகள் கதவை உடைத்து நுழைந்த அதிபர் மாளிகையையும், 1891இல் கட்டி முடித்த மத்திய அஞ்சல் நிலையத்தையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். அஞ்சல் நிலையத்தைக் கட்டியவர் பாரிஸ் கோபுரத்தால் புகழ்பெற்ற ஈஃபில் என்று சில வழிகாட்டிகள் சொல்வார்கள். அதை வடிவமைத்தவர் ஃபூலூ என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர். பென் தான் சந்தையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் மாரியம்மன் கோயில். தமிழ் வணிகர்கள் எழுப்பிய அந்தக் கோயிலில் இன்று வழிபடுபவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் வியட்நாமியரும் சீனரும். கருவறையின் பின்சுவரில் நெற்றியைப் பதித்து அவர்கள் மெல்ல வேண்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நான் நெடுநேரம் நின்றிருந்தேன்.

சைவ உணவு உண்போருக்கு ஒரு சொல் போதும்: 'சாய்'. அந்தச் சொல் எழுதியிருக்கும் கடையில் மரக்கறி உணவு கிடைக்கும். பௌத்த வழக்கப்படி சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, பலரும் மரக்கறியே உண்பதால் அந்நாள்களில் தெருவோரத்திலும் அது எளிதாகக் கிடைக்கிறது. மற்ற கடைகளில் கீரைப் பொரியலில்கூட மீன் சாறு சேர்ந்திருக்கும் என்பதை மறக்கக் கூடாது. பணம் தரும்போதும் கவனம் தேவை. டாங் என்பது அந்நாட்டு நாணயம்; 20,000 டாங் தாளும் 5,00,000 டாங் தாளும் நீல நிறத்தில் ஒன்றுபோலவே தோன்றும்.

மூன்றாவது கிண்ணத்தை இந்த ஊரில் குடியுங்கள். 1954இல் நாடு பிரிந்தபோது எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வடக்கிலிருந்து தெற்கே வந்தார்கள். தெற்கெங்கும் ஃபோவைப் பரப்பியவர்கள் அவர்களே. மேகாங் வடிநிலத்தின் செழிப்புக்கு ஏற்ப அது மாறியது. சாற்றில் இனிப்பு கூடியது. பக்கத்தில் ஒரு தட்டு நிறைய முளைப்பயறு, துளசி வகைத் தழைகள், எலுமிச்சை, மிளகாய் எல்லாம் வந்து சேர்ந்தன. ஹனோயில் சமைப்பவர் கிண்ணத்தை முடித்துத் தருகிறார். சைகோனில் உண்பவர் அதை முடித்துக்கொள்கிறார். அந்தத் தழைகளைக் கையால் கிள்ளிப் போட்டுச் சாற்றில் அமிழ்த்தும்போது, நீங்கள் வந்த 1,726 கிலோமீட்டரும் நாவில் தெரியும்.