3டி கண்ணாடி போட்டால் படம் நன்றாகிவிடுமா?

[திரையில்: நீண்ட ரயில் பாதை. இருபுறமும் மரங்கள், தூரத்தில் மலை.]

இந்தக் காட்சியைப் பாருங்கள். தண்டவாளம் தூரத்தில் போய் ஒரு புள்ளியில் சேர்கிறது. முன்னால் நிற்கும் மரம் பின்னால் நிற்கும் மரத்தைப் பாதி மறைக்கிறது. கடைசியில் இருக்கும் மலை நீலமாக மங்கித் தெரிகிறது.

இப்போது ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பத்து விநாடி பாருங்கள். ஆழம் குறைந்துவிட்டதா? குறைந்திருக்காது. சிலருக்குக் கொஞ்சம் கூடியிருக்கக்கூட வாய்ப்பு உண்டு. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது, "இது வெறும் தட்டைத் திரை" என்பதை மூளைக்குப் போட்டுக்கொடுப்பதே இரண்டு கண்களும் சேர்ந்துதான். ஒன்றை மூடினால் அந்தத் தகவல் நின்றுவிடுகிறது.

ஆக, நாம் சாதாரணப் படம் என்று சொல்வதில் ஆழம் இல்லாமல் இல்லை. மறைத்தல், நிழல், தூரத்தில் சிறுத்துப்போவது, கேமரா நகரும்போது பக்கத்துப் பொருள் வேகமாகவும் தூரத்துப் பொருள் மெதுவாகவும் ஓடுவது: இவை எல்லாவற்றுக்கும் ஒரே கண் போதும். ஒளிப்பதிவாளர்கள் நூறு வருடங்களுக்கும் மேலாக இவற்றை வைத்தே வேலை செய்கிறார்கள். 3டி இவற்றோடு புதிதாகச் சேர்ப்பது ஒன்றே ஒன்று: இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்குச் சற்றே மாறிய இன்னொரு படம். அந்த ஒன்று படம் பார்க்கும் அனுபவத்தை எவ்வளவு உயர்த்துகிறது? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் அதற்குச் சேர வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். 1838-ல் சார்லஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, நிழலோ வண்ணமோ இல்லாத வெறும் கோட்டுப் படங்களை இரண்டிரண்டாக வரைந்து, கண்ணுக்கு ஒன்றாகக் காட்டினார். கோடுகள் எழுந்து கனவடிவமாக நின்றன. 1960 வாக்கில் பேலா யூலஸ் என்ற ஆய்வாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். கண்டபடி தெளித்த புள்ளிகள் மட்டும் நிறைந்த இரண்டு படங்கள். தனித்தனியாகப் பார்த்தால் எந்த உருவமும் கிடையாது. சேர்த்துப் பார்த்தால் நடுவில் ஒரு சதுரம் மிதந்தது. இரண்டு படங்களின் வித்தியாசம் ஒன்றை வைத்தே மூளை ஆழத்தைக் கட்டிவிடும் என்பது அதோடு உறுதியானது. இது ஏமாற்று வேலை இல்லை, நிஜமான புலன்.

ஆனால் இந்தப் புலனுக்கு எல்லை உண்டு.

[திரையில்: மேலிருந்து பார்த்த வரைபடம். இரண்டு கண்கள், 1 மீட்டர், 10 மீட்டர், 100 மீட்டர் கோடுகள்.]

நம் இரண்டு கண்களுக்கும் நடுவே சராசரியாக 63 மில்லிமீட்டர் இடைவெளி. நல்ல பார்வை உள்ள ஒருவரால், 1 மீட்டர் தூரத்தில் இருக்கும் இரண்டு பொருள்களில் எது முன்னால் என்பதை ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசத்திலேயே கண்டுபிடிக்க முடியும். தூரம் பத்து மடங்கானால் இந்தத் தடுமாற்றம் நூறு மடங்காகும். 10 மீட்டரில் 15 சென்டிமீட்டர். 100 மீட்டரில் 15 மீட்டர். ஊசியில் நூல் கோப்பதற்கு இரட்டைக் கண் பார்வை அபாரமான கருவி. மலைத்தொடரைப் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட உதவாது. விளம்பரங்களில் 3டிக்காகவே எடுத்தது என்று காட்டுவது பெரும்பாலும் பள்ளத்தாக்கும் மலையும் ஆகாயமும்தான். அங்கே நிஜ வாழ்க்கையிலேயே இரண்டு கண்ணும் ஒரே படத்தைத்தான் பார்க்கின்றன!

அப்புறம், அந்த மலையைத் திரையில் எப்படித் தூரத்துக்குத் தள்ளுகிறார்கள்? இடது கண் படத்தையும் வலது கண் படத்தையும் பக்கவாட்டில் கொஞ்சம் விலக்கி வைப்பார்கள். விலக்கம் சரியாக 63 மில்லிமீட்டர் ஆனால், இரண்டு கண்களும் இணையாக நேரே பார்க்கும். பொருள் முடிவில்லாத் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். அதற்கு மேல் விலக்கினால் கண்கள் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். வாழ்க்கையில் அவை ஒருநாளும் அப்படித் திரும்பியதில்லை. எனவே அதுதான் உச்சவரம்பு.

10 மீட்டர் அகலத் திரை, அகலவாக்கில் 2048 பிக்சல் கொண்ட புரொஜெக்டர் என்று வைத்துக்கொள்வோம். 63 மில்லிமீட்டர் என்பது அதில் சுமார் 13 பிக்சல். திரைக்குப் பின்னால் காட்டப்படும் மொத்த உலகமும் அந்த 13 பிக்சலுக்குள் அடங்க வேண்டும்.

[திரையில்: அதே படம், வீட்டு டிவியில்.]

அதே படத்தை 1.2 மீட்டர் அகலமுள்ள டிவியில் போடுங்கள். எல்லாம் சுருங்கும்போது விலக்கமும் சேர்ந்து சுருங்குகிறது: 63 மில்லிமீட்டர் இருந்தது ஏழரை ஆகிவிடுகிறது. 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்த்தால், தியேட்டரில் முடிவில்லாத் தூரத்தில் இருந்த மலை, இங்கே டிவிக்கு 40 சென்டிமீட்டர் பின்னால் நிற்கிறது. நான் முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது சிரித்துவிட்டேன். 2010-ல் பெரும் ஆரவாரத்தோடு வந்த 3டி டிவிகளைக் கடைசியாக எல்ஜியும் சோனியும் 2017-ல் கைவிட்டதற்குக் கண்ணாடித் தொல்லை, படங்கள் போதாமை என்று பல காரணங்கள் உண்டு. என் பார்வையில் இந்த 40 சென்டிமீட்டரும் அதில் ஒன்று.

தியேட்டரிலும் இருக்கைக்கு இருக்கை உலகம் மாறுகிறது. திரையிலிருந்து வெளியே வரும் ஒரு பந்து, உங்களுக்கும் திரைக்கும் சரிபாதியில் மிதக்கிறது என்று வையுங்கள். 5 மீட்டரில் இருப்பவருக்கு அது இரண்டரை மீட்டர் வெளியே வரும். 20 மீட்டரில் இருப்பவருக்கு 10 மீட்டர். ஓரத்தில் இருப்பவருக்கு எல்லாமே ஒரு பக்கம் சரிந்திருக்கும். இயக்குநர் மனதில் வைத்திருந்த அளவு ஒருசில இருக்கைகளுக்குத்தான் கிடைக்கும்.

சரி, தலைவலிக்கு வருவோம். கட்டைவிரலை நீட்டிப் பிடித்து மெதுவாக மூக்கருகே கொண்டுவாருங்கள். கண்கள் இரண்டும் உள்பக்கம் திரும்பும். அதே நேரத்தில் கண்ணின் லென்ஸும் கிட்டப் பொருளுக்கு ஃபோகஸை மாற்றும். பிறந்ததிலிருந்து இந்த இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. 3டி படம் இவற்றைப் பிரிக்கிறது. ஈட்டி முகத்துக்கு நேரே பாயும்போது கண்கள் ஈட்டியை நோக்கித் திரும்பும். ஆனால் வெளிச்சம் வருவது திரையிலிருந்து, எனவே ஃபோகஸ் திரையிலேயே இருந்தாக வேண்டும். இந்த இழுபறிதான் கண்சோர்வுக்கு ஒரு முக்கியக் காரணம் என்பதை 2008-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச், 2011-ல் விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், 3டிக்குத் தீர்வே கிடையாது என்பதற்கு இதையே தலையாய காரணமாக வைத்தார்.

மர்ச் சொல்வதில் பாதியைத்தான் நான் ஏற்கிறேன். தியேட்டரில் திரை 15, 20 மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து பின்னால் போகும் ஆழத்துக்கு லென்ஸ் மாற வேண்டிய அவசியமே இல்லை. மோதல் வருவது, பொருளை நம் முகத்துக்கு இரண்டு மீட்டருக்குள் கொண்டுவரும்போதுதான். அதாவது மூக்கைக் குத்த வரும் காட்சிகளில். அவற்றைக் குறைத்தால் தொல்லையும் குறையும்.

இதைவிடப் பெரிய சிக்கல் சினிமாவின் இலக்கணத்தில் இருக்கிறது. படம் என்பது வெட்டி வெட்டி ஒட்டியது. ஒரு ஷாட்டில் கண் 3 மீட்டரில் நிலைத்திருக்கிறது. அடுத்த ஷாட்டில் ஆள் 30 மீட்டரில். கண்கள் திரும்பி, இரண்டு படத்தையும் ஒன்றாக்கிப் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். சண்டைக் காட்சியில் அதற்குள் வெட்டு விழுந்துவிடும். பின்னணியை மங்கலாக்கி முகத்தை மட்டும் கூர்மையாகக் காட்டும் உத்தியும் அப்படித்தான். தட்டைப் படத்தில் அது அழகு. 3டியிலோ நமக்கு அந்த இடத்துக்குள் எட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. எட்டிப் பார்த்தால் எல்லாம் மங்கல், என்ன முயன்றாலும் தெளியாது. தோளுக்குப் பின்னாலிருந்து எடுக்கும் ஷாட்டில், திரைக்கு முன்னால் நிற்கும் தோளைத் திரையின் விளிம்பு வெட்டுகிறது. பின்னால் இருக்கும் விளிம்பு முன்னால் இருக்கும் பொருளை எப்படி மறைக்கும்? மூளை அந்த இடத்தில் குழம்புகிறது.

சாதாரணமாக எடுத்துவிட்டுப் பிறகு 3டியாக மாற்றும் படங்களில் இன்னொரு கூத்து. ஆளை ஓரம் பிடித்துப் பிரித்தெடுத்து, முன்னால் பின்னால் வைப்பார்கள். மறைந்திருந்த பின்னணியைக் கணினியில் வரைந்து நிரப்புவார்கள். பொறுமையாகச் செய்தால் வித்தியாசமே தெரியாது. அவசரமாகச் செய்தால், அட்டையில் வெட்டி வரிசையாக நிறுத்திய உருவங்கள் போல இருக்கும்: ஆளுக்கும் சுவருக்கும் நடுவே இடம் இருக்கும், ஆளின் மூக்குக்கும் காதுக்கும் நடுவே இருக்காது.

வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணப் படத்துக்குத் திரையின் பிரகாசம் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா இருக்க வேண்டும் என்பது தரம். 3டிக்குப் பல வருடங்களாக நடைமுறையில் இருந்தது சுமார் 15. கண்ணாடியும் வடிகட்டியும் மீதியை விழுங்கிவிடுகின்றன. இரவுக் காட்சிகளில் எதுவும் தெரியவில்லை என்றால் கோளாறு உங்கள் கண்ணில் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், 3டியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் 2010-ல் பிரான்சின் ஷோவே குகையில் ஆதிமனிதர்கள் வரைந்த ஓவியங்களை 3டியில் எடுத்தார். அந்த ஓவியங்கள் தட்டைச் சுவரில் இல்லை. பாறையின் புடைப்பும் பள்ளமும் மிருகங்களின் உடலோடு சேர்ந்து வேலை செய்கின்றன. புகைப்படத்தில் அது தொலைந்துபோகும். பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, கேமரா அவசரப்படவில்லை, பார்க்க வேண்டியதே வடிவம்தான். 2011-ல் இயக்குநர் விம் வெண்டர்ஸ், நடன அமைப்பாளர் பினா பாஷின் நடனங்களை எடுத்ததும் அதே கதை: சில மீட்டர் ஆழமுள்ள மேடை, முழு உடல், நீளமான ஷாட்டுகள். நம் இரட்டைக் கண் பார்வை நன்றாக வேலை செய்யும் தூரமும் அதுதான். வேடிக்கை என்னவென்றால், 1953-ல் 3டி அலையின் பெரிய வெற்றியான 'ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்' படத்தை இயக்கிய ஆந்த்ரே டி தாத்துக்குப் பார்வை ஒரே கண்ணில்தான். தன் படத்தின் ஆழத்தை அவரால் பார்க்க முடியாது.

பார்ப்பவர்களிலும் இந்தப் புலன் ஒரே மாதிரி இல்லை. மாறுகண், சோம்பேறிக் கண் (ஒரு கண்ணின் பார்வை சரியாக வளராத நிலை) உள்ள பலருக்கு 3டி வேலையே செய்யாது. ஆனால் புரூஸ் பிரிட்ஜ்மன் என்ற நரம்பியல் அறிஞருக்கு நேர்ந்தது தலைகீழ். வாழ்நாள் முழுக்க ஆழப் பார்வை மிகக் குறைவாக இருந்த அவர், 2012-ல், 67 வயதில், 'ஹூகோ' படத்தை 3டியில் பார்த்தார். வெளியே வந்தபோது தெருவிளக்குக் கம்பம் பின்னணியிலிருந்து பிரிந்து தனியாக நின்றது. அந்தப் பார்வை அதன்பிறகு போகவில்லை. எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

[திரையில்: தியேட்டர் இருக்கை வரைபடம். நடு வரிசையில், மையத்தில் ஒரு வட்டம்.]

டிக்கெட் எடுக்கும் முன் டிரெய்லரைப் பாருங்கள். விநாடிக்கு ஒரு வெட்டு, பாதிப் படம் இருட்டு என்று தோன்றினால் சாதாரணக் காட்சிக்கே போங்கள்; என் அனுபவத்தில் பெரும்பாலான படங்கள் இந்த வகைதான். டிரெய்லர் படத்தைவிட வேகமாக வெட்டப்பட்டிருக்கும் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள். நீளமான ஷாட், விண்வெளி, நீரடி, நடனம், அனிமேஷன் என்றால் 3டியை முயன்று பார்க்கலாம். நடுவில், மையத்தில் உட்காருங்கள். தலையைச் சாய்க்காதீர்கள், சாய்த்தால் இரண்டு படங்களும் ஒன்றுக்கொன்று மேலும் கீழுமாகிவிடும், கண் அதைச் சரிசெய்யப் படாதபாடு படும்.

கூட வருபவர்கள் 3டிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, உங்களுக்கோ தலைவலி வரும் என்றால், அதற்கும் ஒரு வழி இருக்கிறது. போலரைஸ்டு கண்ணாடியில் (ஒளி அதிரும் விதத்தை வைத்து இரண்டு படங்களையும் கண்ணுக்கு ஒன்றாகப் பிரித்துவிடும் வகை), இரண்டு பக்கமும் ஒரே கண்ணுக்கான வடிகட்டியைப் பொருத்திய கண்ணாடிகளும் விற்பனைக்கு வந்தன. போட்டுக்கொண்டால் இரண்டு கண்ணுக்கும் ஒரே படம்தான் வரும், 3டி படம் சாதாரணப் படமாகிவிடும். இருட்டு மட்டும் அப்படியே இருக்கும்.