கார் வாங்கலாமா என்பதைக் கிலோமீட்டர் சொல்லட்டும்

பெரியோர்களே, மாணவ மாணவியரே, வணக்கம்.

வேலை, டூவீலர், பிறகு கார் என்பதுதான் நம் குடும்பங்களில் இருந்துவந்த வரிசை. வாசலில் கார் நின்றால் பிள்ளை காலூன்றிவிட்டான் என்று பொருள். இன்று சென்னையில் இருபத்தைந்து வயதுக்காரர்கள் பலர், "கார் தேவைப்படும்போது கிடைத்தால் போதும், என் பெயரில் வேண்டாம்" என்கிறார்கள். இதைப் பொறுப்பின்மை என்று வீட்டில் திட்டுவது அநியாயம். அவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள். ஆனால் பலர் அந்தக் கணக்கை மாதத் தவணையோடு நிறுத்திவிடுகிறார்கள். மீதியையும் போட்டுப் பார்ப்போம்.

ஷோரூம் விலை 8 லட்சம் என்று வையுங்கள். தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம்; அது 1,04,000 ரூபாய். அந்த 8 லட்சத்தையும் 9 சதவீத வட்டியில் 5 ஆண்டுக் கடனாக வாங்கினால் தவணை சுமார் 16,600. வட்டி மட்டும் 1,96,000. தவணை குறையட்டும் என்று 7 ஆண்டாக நீட்டினால் மாதம் 12,870தான் வரும், ஆனால் வட்டி 2,81,000 ஆகிவிடும். ஷோரூமில் தவணையைத்தான் பெரிய எழுத்தில் காட்டுவார்கள்; மொத்த வட்டியை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது தேய்மானம். நான்கு ஆண்டு தாண்டிய காருக்குக் காப்பீட்டில் மதிப்பு போடும்போது 50 சதவீதத்தைக் கழிப்பது வழக்கம். அந்தக் கணக்கில் 4 லட்சம் போய்விட்டது. தேய்மானம், 5 ஆண்டு வட்டி, வரி மூன்றும் சேர்ந்து 7 லட்சம். 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 11,670. காப்பீடு, சர்வீஸ், டயர், பார்க்கிங் எல்லாவற்றுக்கும் மாதம் 3,300 வைத்தால் ஏறக்குறைய 15,000. இதில் பெட்ரோல் ஒரு சொட்டுகூட இல்லை.

இனி கிலோமீட்டருக்கு வருவோம். மாதம் 500 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் அந்த 15,000 கிலோமீட்டருக்கு 30 ரூபாயாக விழும். பெட்ரோல் 7 ரூபாய் சேர்த்தால் 37. அதே கார் 1,500 கிலோமீட்டர் ஓடினால் 17 ரூபாய்தான். வாடகை கார் கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று கொண்டால், மாதம் 830 கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டுகிறவருக்குச் சொந்தக் கார் நஷ்டம். ஆலந்தூரிலிருந்து அண்ணா சாலைக்கு மெட்ரோவில் போய் வருகிறவர் இந்த எல்லையைத் தொடவே மாட்டார். 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கலாம் என்பதால் அவர் வழி இன்னும் எளிதாகிவிட்டது.

அதற்காக யாருக்குமே கார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிற தாயார் வீட்டில் இருந்தால், ராத்திரி ஷிப்ட் முடிந்து பஸ் போகாத ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தால், இந்தக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டுக் காரை வாங்குங்கள்.

சொந்தமாக வாங்காதவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. நண்பருக்கு நண்பர் மூலம் ஓன் போர்டு வண்டியை, அதாவது வெள்ளை நம்பர் பலகை உள்ள சொந்த உபயோக வண்டியை, நாள் வாடகைக்கு எடுப்பது. அந்த வண்டியின் காப்பீடு சொந்த உபயோகத்துக்கு மட்டும் போடப்பட்டது. வாடகைக்கு ஓடியது தெரிந்தால், விபத்தில் வண்டிக்கு ஆன சேதத்தை நிறுவனம் தர மறுக்கலாம். செலவு உங்கள் தலையில் விழும். நீங்களே ஓட்டும் வாடகைக் கார் என்றால் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். சாவி வாங்குமுன் பலகையைப் பாருங்கள். நான்கு பக்கமும், டயரும், எரிபொருள் முள்ளும் தெரிய வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கூட்டம், அப்பாவின் காரை மாதம் ஒருமுறை எடுக்கிறவர்கள். ஓடாத கார்தான் அதிகம் கெடும். எஞ்சினை அணைத்த பிறகும் அலாரமும் கம்ப்யூட்டரும் பேட்டரியைச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே இருக்கும். நன்றாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.4க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் செய்யுங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதில் பயன் இல்லை, ஸ்டார்ட்டர் உறிஞ்சியதுகூடத் திரும்பாமல் போகலாம். வாரம் ஒருமுறை 20, 30 நிமிடம் சாலையில் ஓட்டுங்கள். வாரக்கணக்கில் நிறுத்துவதானால் ஹேண்ட்பிரேக்கை இழுக்காதீர்கள். மழைக்காலத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

காரை விற்றுவிட முடிவு செய்தால் இரண்டு வேலைகளை மறக்காதீர்கள். நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காததற்காக வண்டிச் சேதக் காப்பீட்டுக் கட்டணத்தில் தரும் தள்ளுபடி, காருக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. ஐந்து ஆண்டு இழப்பீடு கேட்காதிருந்தால் அது 50 சதவீதம். விற்றதும் காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான கடிதம் வாங்கி வைத்தால், மூன்று ஆண்டுக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அந்தத் தள்ளுபடி கிடைக்கும். இரண்டாவது, பெயர் மாற்றம். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு வேலை முடியாது. ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்கியவர் பெயரில் ஆர்.சி. மாறிவிட்டதா என்று மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள். மாறவில்லை என்றால் அன்றைக்கே அவருக்குப் போன் செய்யுங்கள்.