மண் குதிரை ஏன் காலைத் தூக்குவதில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடியிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கொஞ்ச தூரத்தில் ஓர் அய்யனார் கோயில் வந்துவிடும். ஊரை விட்டுத் தள்ளி, கண்மாய்க் கரையிலோ மரத்தடியிலோ மண் குதிரைகள் வரிசையாக நிற்கும். பேருந்து சன்னல் வழியாகவாவது பார்த்திருப்பீர்கள். அந்தக் குதிரைகளை நின்று நிதானமாக எப்படிப் பார்ப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. செட்டிநாட்டு வீட்டு வாசல் நிலையையும் ஆத்தங்குடித் தரையையும் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் குதிரை.

திருவரங்கம் கோயிலில் சேஷராயர் மண்டபம் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே கல் குதிரைகள் முன்னங்கால் இரண்டையும் தூக்கிப் பாய்கின்றன. நம் அய்யனார் குதிரையோ பெரும்பாலும் நாலு காலையும் ஊன்றியே நிற்கிறது. இதைச் செய்கிற குயவரான வேளாருக்குப் பாயும் குதிரை செய்ய வராது என்று நினைத்துவிடக் கூடாது. கல் குதிரை தூணோடு சேர்ந்தே பிறக்கிறது; காலைத் தூக்கினாலும் தூண் தாங்கும். ஈர மண்ணுக்கு அப்படி ஒரு துணை கிடையாது. தூக்கிய கால் காய்வதற்கு முன்பே தொங்கிவிடும். தப்பித் தவறிக் காய்ந்தாலும் தோளில் தூக்கிக்கொண்டு போகும்போது ஒடியும்.

அப்படியானால் ஓட்டத்தை எங்கே காட்டுவது? அடுத்த முறை போகும்போது கழுத்தைப் பாருங்கள். கழுத்து நிமிர்ந்து பின்னால் வளைந்திருக்கும், கடிவாளத்தை இப்போதுதான் யாரோ சுண்டி இழுத்ததுபோல. காது முன்னோக்கி விடைத்திருக்கும். கண் பிதுங்கி நிற்கும், வாய் திறந்து பல் வரிசை தெரியும். காலில் காட்ட முடியாத வேகம் முழுவதும் தலைக்கு ஏறிவிட்டது. மண் இதைச் செய்ய விடாது என்று தெரிந்துகொண்டு, சரி, வேறு எங்கே சொல்லலாம் என்று ஒரு கை முடிவெடுத்திருக்கிறது. கை எங்கே முடிவெடுத்தது என்று தேடிப் பார்ப்பதுதான் ரசனை என்பது என் எண்ணம். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது செய்முறைக்கு வருவோம். ஊர்ப் பெரியவர்கள் குதிரை செய்யச் சொல்லி வேளாரிடம் பிடிமண், அதாவது ஒரு பிடி மண், கொடுத்த பிறகுதான் வேலை தொடங்கும். கண்மாய் மண்ணை எடுத்து, கட்டி உடைத்து, சல்லடையில் சலித்து, ஊறவைத்து, காலால் மிதித்துப் பதப்படுத்துவார்கள். வெறும் களிமண்ணை வைத்துக் குதிரை செய்ய முடியாது. களிமண் காயும்போது சுருங்கும். நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை சுருங்கலாம். சின்னச் சட்டிக்கு அது ஒன்றுமில்லை. ஆள் உயரக் குதிரையில் வெளிப்பக்கம் முந்திச் சுருங்கி உள்பக்கம் பிந்தினால் விரிசல் நிச்சயம். அதனால்தான் மணலும் உமியும் சேர்ப்பது. மணல் சுருக்கத்தைக் குறைக்கும். உமி சூளையில் எரிந்துபோய்ச் சின்னச் சின்னத் துளைகளை விட்டுச் செல்லும். கடைசியாக வெளியேறும் ஈரத்துக்கு அவையும் ஒரு வழி. மணல் கூடிவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. மண்ணை விரல் கனத்துக்குத் திரித்து விரலைச் சுற்றி வளைக்க வேண்டும். வெடிப்பு விட்டால் மணல் அதிகம். விரலிலேயே ஒட்டிக்கொண்டு பிசுபிசுத்தால் மணல் போதாது.

முதலில் நாலு கால். உள்ளே கூடு விட்டுக் குழாய் போல எழுப்புவார்கள். ஒரே நாளில் முழு உயரம் எழுப்பினால் அடிப்பகுதி பிதுங்கிவிடும். ஒரு சாண் எழுப்பி, இறுகவிட்டு, அதற்கு மேல் அடுத்த சுற்று. இங்கேதான் பெரிய சிக்கல். கீழே இருப்பது அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டால் மேலே வைக்கிற ஈர மண் ஒட்டாது. சூளையில் அந்த வரியோடு பிளந்துவிடும். காயாமல் இருந்தால் சரிந்துவிடும். ஆகவே விளிம்பை மட்டும் ஈரச் சாக்கால் மூடி வைப்பார்கள். மறுநாள் அந்த விளிம்பைக் கீறிவிட்டு, குழம்பு மண் தடவி, அதன் மேல் எழுப்புவார்கள். பழைய குதிரை ஒன்றின் காலில் கிடைமட்டமாக ஒரு விரிசல் ஓடுவதைக் கண்டால், அது ஒரு நாளைய வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்கிய இடமாக இருக்கலாம்.

கால்கள் இறுகிய பிறகு வயிறு. அடியில் முட்டுக் கொடுத்து, உள்ளே ஒரு கை கல்லை வைத்துத் தாங்க, வெளியே இன்னொரு கை மரத்தட்டையால் தட்டிக்கொண்டே போகும். தட்டத் தட்ட மண் நெருங்கும், சுவரும் ஒரே கனமாகும். கனம் ஒரே சீராக இல்லாவிட்டால் தடித்த இடம் பிந்திக் காயும். பிறகு என்ன ஆகும் என்று முன்பே சொல்லிவிட்டேன். கழுத்து, தலை எல்லாம் அதற்குப் பிறகு. வால் தனியாக நீட்டிக்கொண்டிருக்காது, பின்னந்தொடையோடு ஒட்டியே இறங்கும். அதுவும் ஒடியாமல் இருப்பதற்காக எடுத்த முடிவுதான்.

திறந்த வாய் அழகுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். முழுவதும் மூடிய கூடாகச் சூளையில் வைத்தால், மிச்சமிருக்கும் ஈரம் 100 டிகிரியைத் தாண்டும்போது ஆவியாகி, வெளியே போக வழியில்லாமல் சுவரை உடைத்துவிடும். வாய் அந்த ஆவிக்கு வழி. வயிற்றடியிலும் துளை விட்டிருப்பார்கள், குனிந்து பாருங்கள். கனைக்கிற மாதிரி நமக்குத் தெரிகிற அந்த வாயை வேளார் நெருப்பையும் நினைத்துத்தான் திறந்திருக்கிறார்.

ரொம்பப் பெரிய குதிரையைச் சூளைக்குத் தூக்கிப் போக முடியாது. குதிரையைச் சுற்றித்தான் சூளை கட்ட வேண்டும். விறகும் வரட்டியும் அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே சேறு பூசி மூடுவார்கள். ஆரம்பத்தில் நெருப்பு மெதுவாகப் போக வேண்டும். அவசரப்பட்டால் மேலே சொன்ன ஆவி வேலையைக் காட்டிவிடும். 500, 600 டிகிரி வாக்கில் மண்ணுக்குள் கட்டுண்ட நீரும் போய்விடும். அதன் பிறகு அது தண்ணீரில் கரையாது. காற்று நன்றாகப் பட்ட இடம் சிவக்கும், புகை அடைபட்ட இடம் கறுக்கும். சுண்ணாம்பும் வண்ணமும் உதிர்ந்த பழைய குதிரையின் விலாவில் கறுப்புத் திட்டு இருந்தால், நெருப்பு எந்தப் பக்கம் திணறியது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கதைக்கு வருகிறேன், ஏனென்றால் குதிரையை மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்தது ஆகும். நம் பக்கத்து அப்பத்தாக்கள் அய்யனார், கருப்பர் கதையை எப்படிச் சொல்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள். சாமி முகம் இப்படி இருந்தது என்று வர்ணிக்க மாட்டார்கள். நடுச்சாமம் என்பார்கள். நாய் குரைத்துக்கொண்டே இருந்து சட்டென்று அடங்கிவிட்டது என்பார்கள். தூரத்தில் சலங்கைச் சத்தம், அப்புறம் குளம்புச் சத்தம், அப்புறம் சுருட்டு வாசம். அவ்வளவுதான். குதிரை மேல் இருப்பவரைக் கடைசிவரை காட்டுவதே இல்லை. கேட்கிற பிள்ளை தானாகவே போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும்.

இப்போது மறுபடி குதிரையைப் பாருங்கள். கழுத்தில் சலங்கை மாலை எவ்வளவு பெரிதாக இருக்கிறது! உண்மைக் குதிரைக்கு அவ்வளவு பெரிய மணி கட்டினால் அது நடக்காது. ஆனால் கதையில் முதலில் வருவது சலங்கைதான், மண்ணிலும் அதுவே முதலில் கண்ணில் படுகிறது. முதுகில் சேணம் இருக்கிறது, கடிவாளம் இருக்கிறது, நேர்ந்து விட்ட குதிரைகளில் பெரும்பாலும் ஆள் மட்டும் இல்லை. ஏறி உட்காருகிறவரை நாம்தான் கதையிலிருந்து கொண்டு வர வேண்டும். சொல்லாமல் விட வேண்டியது எது என்று அப்பத்தாவுக்கும் தெரிந்திருக்கிறது, வேளாருக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைத்து மதிக்க வேண்டும் என்பேன்.

செய்து முடித்த குதிரைகளைக் கோயிலுக்குச் சுமந்து போகும் விழாவான புரவி எடுப்பு நடக்கும்போது போய்ப் பாருங்கள். சிங்கம்புணரிப் பக்கத்தில் அரண்மனைப் புரவி முன்னால் போக, நேர்த்திக்கடன் புரவிகள் பின்னால் வரும். வேட்டி துண்டு சாத்தி, மாலை போட்டு, தோளில் சுமந்து வருவார்கள். கொண்டுபோய் நிறுத்திய பிறகு அதைப் பழுது பார்க்கும் வழக்கமில்லை. வெயிலிலும் மழையிலும் சிதைந்துபோகும், பக்கத்தில் புதியது வந்து நிற்கும். அதனால்தான் ஒரே வரிசையில் பல காலத்துக் கைகளை நாம் பார்க்க முடிகிறது. பூ முத்திரையை ஒருவர் சீப்பு நுனியால் குத்தியிருப்பார், இன்னொருவர் அச்சை அழுத்தியிருப்பார். கண் இமையை ஒருவர் திரித்து ஒட்டியிருப்பார், இன்னொருவர் கீறியிருப்பார். இப்போது சிமெண்டுக் குதிரைகள் வருகின்றன. உள்ளே கம்பி இருப்பதால் காலைத் தூக்க முடிகிறது. பலவற்றில் கழுத்து மட்டும் விறைத்துப்போய் நிற்கிறது, எனக்கு அது மனசுக்கு ஒட்டவில்லை. கால் பாய்வதாலேயே வேகம் வந்துவிடாது.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். ஆத்தங்குடித் தரைக்கல்லைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துடைத்த கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம், அதற்குள் தடுப்புகள் வைத்த டிசைன் அச்சு. ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு வண்ணக் குழம்பை ஊற்றி, அச்சை நேராக மேலே தூக்க வேண்டும். சாய்த்துத் தூக்கினால் வண்ணம் ஒன்றோடொன்று கலந்துவிடும். பிறகு ஈரத்தை உறிஞ்ச உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே கலவை போட்டு மட்டம் செய்து, காயவிட்டுத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். சூளை கிடையாது, அந்தப் பளபளப்பைக் கண்ணாடிதான் கொடுக்கிறது. அங்கேயும் அச்சு வழிகாட்டினாலும் ஊற்றுவது கைதான், அதனால் பக்கத்துப் பக்கத்துக் கற்களில் ஒரே பூவின் இதழ்கள் சற்று மாறியிருக்கும்.

நிலையைப் பற்றி ஒரு வரிதான் சொல்ல முடியும். மேலே கஜலட்சுமியைக் கும்பிட்டுவிட்டு நேராக உள்ளே போய்விடாதீர்கள். இரண்டு பக்கமும் செதுக்கிய கிளிகள் இருந்தால் மூக்கையும் கழுத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இடப்பக்கத்தை ஒருவரும் வலப்பக்கத்தை இன்னொருவரும் செதுக்கியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். வணக்கம்.