பாறைத் தரையில் விலங்கு பிடிக்கும் பொறியை ஊன்றுவது எப்படி?

(காட்சி: ஊசியிலைக் காடு, நடுவில் பழைய மரவண்டிப் பாதை. பாசி படர்ந்த பாறை ஒன்று தரையைப் பிளந்து தலைகாட்டுகிறது.)

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், வடகிழக்கு மூலையில் இருக்கிறது சுப்பீரியர் தேசிய வனம். 1968இல் டேவிட் மீச் என்ற விலங்கியலாளர் இங்கே ஓநாய்களைப் பிடித்து, கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி, திரும்பக் காட்டில் விடும் ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஓநாய்க் கூட்டங்களின் வாழ்க்கை பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பங்கு இந்தக் காட்டிலிருந்து வந்தது. ஓநாயைப் பிடிக்க அவர் குழு பயன்படுத்தியது, காலைக் கவ்வும் எஃகுப் பொறி.

இப்போது தரையைப் பாருங்கள். கடைசிப் பனியுகத்தின் பனிப்பாளங்கள் இந்த நிலத்தைச் சுரண்டிவிட்டுப் போயிருக்கின்றன. பல இடங்களில் ஒரு சாண் ஆழத்துக்குக்கூட மண் கிடையாது. அதற்குக் கீழே கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையான கெட்டிப் பாறை. வளர்ந்த ஓநாய் 25 முதல் 45 கிலோ இருக்கும். அது முழு வேகத்தில் இழுக்கும்போது பொறி பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்க வேண்டும். முளையை எங்கே அடிப்பது?

விஷயத்துக்குள் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு விலங்கைப் பொறி வைத்தோ கண்ணி வைத்தோ பிடிப்பதும் வேட்டையாடுவதாகவே கருதப்படும். இந்த வீடியோ, ஆராய்ச்சியாளர்களும் உரிமம் பெற்ற பொறிக்காரர்களும் எப்படி வேலை செய்கிறார்கள் என்று புரிந்துகொள்வதற்காக மட்டும்தான்.

(காட்சி: முறுக்குக் கம்பியில் செய்த முளை, சம்மட்டி.)

சாதாரண மண்ணில் வேலை சுலபம். கட்டடத்துக்குப் போடும் முறுக்குக் கம்பியில் முக்கால் மீட்டர் வரை நீளமான துண்டு ஒன்றை எடுத்து, தலைப்பக்கம் ஒரு நட்டை வெல்டு வைத்து, பொறியின் சங்கிலியைக் கோத்து மண்ணோடு மண்ணாக அடித்து இறக்கிவிடுவார்கள். மண் சுற்றிலும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

கல் நிறைந்த தரையில்தான் ஏமாற்றம். சம்மட்டியால் பத்து அடி அடித்தால் கம்பி ஒரு விரல்கடை இறங்கும். கை வலிக்கும், கம்பியின் தலை நசுங்கும். 'இவ்வளவு கஷ்டப்பட்டு இறங்கியது இனி எங்கே வரப்போகிறது' என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அடிக்கக் கஷ்டமாக இருப்பதும் பிடுங்கக் கஷ்டமாக இருப்பதும் ஒன்றில்லை. சரளைக்கல் தரையில் முளை இறங்கும்போது சுற்றியிருக்கும் கற்களைத் தள்ளி அசைத்துவிடுகிறது. விலங்கு நேராக மேலே இழுப்பதில்லை. சுற்றிச் சுற்றி ஓடுகிறது, பக்கவாட்டில் வெட்டி வெட்டி இழுக்கிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஓட்டையின் வாய் கொஞ்சம் அகலமாகிறது. கொஞ்ச நேரத்தில் குழி புனல் மாதிரி ஆகி, கம்பி தானாக மேலே வந்துவிடுகிறது.

அப்படி வந்துவிட்டால் நடப்பதை நினைத்தாலே மனம் பதைக்கிறது. காலில் இரும்போடு ஒரு விலங்கு காட்டுக்குள் போய்விடும். தேடிக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அதற்குப் பட்டினி, புண், சாவு. பொறி வைப்பவர் செய்யக்கூடிய மிக மோசமான வேலை அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

(காட்சி: இரண்டு முளைகள் எதிரெதிர்ச் சாய்வாக இறங்கும் வரைபடம்.)

சரி, மாற்று வழிகள். முதல் வழி இரட்டை முளை. ஒரே வளையத்தின் வழியாக இரண்டு கம்பிகளை எதிரெதிர்ச் சாய்வில் அடிக்கிறார்கள். மண்ணுக்கடியில் அவை தலைகீழான V போல விரிந்து நிற்கும். ஒரு கம்பி வெளியே வர எந்தத் திசையில் இழுக்க வேண்டுமோ, அந்தத் திசையில் மற்றது மறித்து நிற்கும். கம்பி குட்டையாகத்தான் இறங்கும் என்ற இடத்தில் ஒற்றை முளையைவிட இது எவ்வளவோ மேல்.

இரண்டாவது, கேபிள் நங்கூரம். கையளவுகூட இல்லாத எஃகுத் துண்டு, அதன் நடுவில் ஒரு கேபிள். இரும்புக் கம்பியால் துண்டைக் குத்தி உள்ளே இறக்கிவிட்டு, கம்பியை மட்டும் உருவிவிட வேண்டும். அப்புறம் கேபிளை மேலே வெட்டி இழுத்தால், துண்டு மண்ணுக்குள் குறுக்காகத் திரும்பிப் பூட்டிக்கொள்ளும். கெட்டிக் களிமண்ணில் இது அருமையாக நிற்கும். பாறை இடுக்கில் சிக்கல். துண்டு திரும்புவதற்கு உள்ளே இடம் வேண்டும். கடப்பாரையால் முதலில் ஓட்டை போட்டுப் பார்ப்பது அதனால்தான். பாதியில் கல் தட்டினால் அடித்துக்கொண்டே இருக்காமல், பிடுங்கி ஒரு முழம் தள்ளிப் போட்டுப் பார்க்கிறார்கள்.

உறைபனித் தரைக்கு ஒரு தனி எச்சரிக்கை. குளிரில் மண் சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கும், டிரில் போட்டுத்தான் முளையை இறக்கவே முடியும். ஆனால் வெயில் வந்து பனி இளகினால் அதே முளை கையால் உருவும்படி ஆகிவிடும். உறைந்த அடுக்கைத் தாண்டிக் கீழே போகாத முளையை நம்பக் கூடாது.

மரத்திலோ பெரிய கல்லிலோ கட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். கட்டலாம், ஆனால் விலங்கு மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும்போது சங்கிலி சுருண்டு குட்டையாகி, கால் முறுக்கிக்கொள்ளும். கல்லின் கூர்விளிம்பு கேபிளை அறுத்துவிடும். நான் இதைக் கடைசி வழியாகத்தான் வைப்பேன்.

(காட்சி: இருமுனைக் கொக்கியும் நீளச் சங்கிலியும். கேமரா கொக்கியின் வளைவுக்கு அருகில் போகிறது.)

இப்போது மினசோட்டாவுக்குத் திரும்புவோம். அங்கே ஆராய்ச்சியாளர்கள் பொறியைத் தரையில் ஊன்றவே இல்லை. சங்கிலியின் முனையில் ஒரு இழுகொக்கியைக் கோத்து விட்டார்கள். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக் கரண்டி போடுவோமே, கிட்டத்தட்ட அந்த வளைவு, இரண்டு முனைகள். பொறியில் சிக்கிய ஓநாய் ஓடுகிறது. கொக்கி பின்னாலேயே தரையைக் கீறிக்கொண்டு வந்து, ஒரு புதரிலோ வேரிலோ மாட்டிக்கொள்கிறது. அதோடு ஓட்டம் நின்றுவிடும்.

இதில் சங்கிலியின் நீளம்தான் உயிர்நாடி. முளையில் கட்டும்போது சங்கிலி குட்டையாக இருப்பது நல்லது. நீளமாக இருந்தால் விலங்கு ஓடி வேகமெடுத்து, அந்த வேகம் முழுவதும் ஒரே அதிர்வாகக் காலில் இறங்கும். இழுகொக்கிக்கு நேர்மாறு, இரண்டு மீட்டருக்கு மேல் வேண்டும். குட்டையாக இருந்தால் இழுப்பு மேல்நோக்கிப் போய்க் கொக்கியைத் தரையிலிருந்து தூக்கிவிடும். நீளமாக இருந்தால்தான் கொக்கி படுத்தபடி வந்து கவ்வும். எந்த முறையானாலும் சங்கிலியில் சுழல் வளையங்கள் வேண்டும். அவை இருந்தால் விலங்கு உருளும்போது முறுக்கு காலில் ஏறாது. அதிர்வை வாங்க ஒரு ஸ்பிரிங்கும் வைப்பதுண்டு.

கொக்கிக்குக் கவ்வ ஏதாவது வேண்டும். புதர் இல்லாத பாலைவனத்தில், வழுக்குப் பாறையில் இது உதவாது. அடர்ந்த காட்டில் மட்டும் இதற்கு இணையே இல்லை. புதருக்குள் போன ஓநாய்க்கு நிழலும் மறைவும் கிடைக்கிறது. மாட்டிய கிளை வளைந்து கொடுப்பதால் கெட்டியான முளையில் விழும் அதிர்வு இங்கே இல்லை. தினமும் பொறிகளைப் பார்வையிட வரும் குழு, கொக்கி கீறிய தடத்தைப் பிடித்துக்கொண்டே போய் ஓநாயைக் கண்டுபிடித்துவிடுகிறது. மயக்க ஊசி, எடை, ரத்த மாதிரி, காதில் அடையாள வில்லை, கழுத்தில் பட்டை. மயக்கம் தெளிந்ததும் ஓநாய் தன் வழியே போகிறது.

வேலை முடிந்து கிளம்பும்போதும் வித்தியாசம் தெரியும். நன்றாக இறங்கிய முளையைப் பிடுங்க ஜாக்கி வைத்து நெம்ப வேண்டும். கேபிள் நங்கூரத்தைப் பல நேரம் கேபிளை வெட்டி மண்ணிலேயே விட்டுவிடுகிறார்கள். இழுகொக்கியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகலாம்.