சுகமா? சுமையா? மூணு பேண்டுல வாசிக்கிற நானே சொல்றேன், சுமைதான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, உக்காந்து கேட்டுட்டு இருக்கற, நடுநடுவுல போனையும் பாத்துட்டு இருக்கற அத்தனை பேருக்கும் வணக்கம்.

லேட்டா வந்தவங்களுக்காக தலைப்பை ஒரு தடவை சொல்லிடுறேன். "வேலையும் குடும்பமும் இருக்கறவங்க பல லோக்கல் பேண்டுல கிட்டார் வாசிக்கிறது சுகமா, சுமையா?" எதிரணி சுகம்னு பேசி முடிச்சாச்சு, நல்லா கைதட்டும் வாங்கியாச்சு, அதுல ரெண்டு கை என்னோடது. ஏன்னா நானே மூணு பேண்டுல வாசிக்கிறவன். வெள்ளிக்கிழமை ஒண்ணு, சனிக்கிழமை ஒண்ணு, மூணாவது பேண்டுக்கு ஷோ எப்பன்னு எங்களுக்கே முந்தின நாள்தான் தெரியும். அப்புறம் நீ ஏன்யா சுமைன்னு இந்தப் பக்கம் உக்காந்திருக்கன்னு நடுவர் ஒரு மாதிரி பாக்குறாரு. ஐயா, எந்த வீட்டுல எந்த ஜன்னல் கொக்கி லூசுன்னு திருடனுக்குத்தானே தெரியும், அந்த முறையில என்னைக் கூட்டிட்டு வந்திருக்காங்க.

எதிரணில முதல்ல பேசினவர் என்ன சொன்னாரு? "மேடையில ஏறி கிட்டார்ல முதல் கார்டு, அதான் நாலஞ்சு சுரத்தை ஒண்ணா மீட்டுறது, அதை அடிச்ச உடனே ஒரு வாரத்து டென்ஷன் பறந்து போயிடும்." நூத்துக்கு நூறு உண்மை. ஆனா பறந்து எங்க போச்சுன்னு கேட்டீங்களா? நேரா எங்க வீட்டுக்குத்தான் போச்சு.

ரெண்டு மணி நேர ஷோன்னு சொல்லுவோம்ல, அது எவ்வளவு பெரிய பொய்னு ஒரு கணக்கு போட்டு காட்டுறேன். சாயங்காலம் 4 மணிக்கு வீட்டை விட்டு கிளம்பணும். ஆம்ப், பெடல் போர்டு, ரெண்டு கிட்டார், கேபிள் பை, இதெல்லாம் வண்டியில ஏத்தி இறக்கி, ட்ரம்மர் செட் மாட்டுற வரைக்கும் காத்திருந்து, சவுண்ட் செக்குன்னு பேருக்கு அரை மணி நேரம் "ஹலோ ஹலோ", அப்புறம் சும்மா ஒரு ஒன்றரை மணி நேரம் சுவத்துல சாஞ்சு நிக்கணும், 8லேர்ந்து 10 வரைக்கும் வாசிக்கணும், மறுபடி எல்லாத்தையும் கழட்டி சுருட்டி வண்டியில ஏத்தி வீட்டுக்கு வந்தா மணி 1. ரெண்டு மணி நேரத்துக்கு ஒம்போது மணி நேரம். வாரத்துல ரெண்டு ஷோன்னா 18. மூணு பேண்டுக்கும் ஆளுக்கொரு ரிகர்சல், போக வர சேத்து நாலு நாலு மணி நேரம், அது 12. வீட்டுல ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் புதுப் பாட்டு பழகலைன்னா அடுத்த ரிகர்சல்ல மானம் போயிடும், அது 7. மொத்தம் 37. ஒரு வாரத்துல இருக்கறதே 168 மணி நேரம்தான், அதுல ஆபீஸுக்கு போக வர சேத்து 50, தூக்கம் 49 (தூங்குறோம்னு வச்சுக்குவோம்), இப்ப இந்த 37ம் போச்சு, மிச்சம் 32. ஒரு நாளைக்கு நாலரை மணி நேரம். குளிக்கிறது, சாப்பிடுறது, பில்லு கட்டுறது, துணி காயப் போடுறது, பையனுக்கு ஹோம் ஒர்க், பொண்டாட்டி கூட பேசுறது, எல்லாமே அதுக்குள்ள. ஆபீஸ்ல ஒரு முழு வாரம் உழைக்கிறதுக்கும் இந்த 37க்கும் பெரிய வித்தியாசம் இல்லீங்க, இன்னொரு வேலைக்கு போறேன்னு வீட்டுல சொல்லிட்டு போனா கூட மரியாதையா இருக்கும், நாம அதை ஹாபின்னு சொல்லிட்டு போறோம்.

நேரத்தை விடுங்க, அதை விட மோசமான ஒண்ணு இருக்கு, அதைச் சொல்றதுக்குத்தான் முக்கியமா வந்தேன்.

என் போன்ல மூணு பேண்டுக்கும் மூணு வாட்ஸ்அப் குரூப். எதுலயாவது ஒருத்தர் "14ஆம் தேதி ஃப்ரீயா?"ன்னு போட்டா ஒரு நிமிஷம் ஆகாது, என் கை தானா "ஓகே கன்ஃபர்ம்"னு அடிச்சிடும். போன மாசம் என் பையன் வந்து, "அப்பா 14ஆம் தேதி ஸ்கூல்ல டிராமா, நான் மரமா நடிக்கிறேன், வருவியா"ன்னு கேட்டான். நான் போனைப் பாத்துகிட்டே "பாக்கலாம்டா"ன்னேன். பாக்கலாம்னா என்ன அர்த்தம்னு எட்டு வயசு புள்ளைக்கே தெரியுங்க. அவன் ஒண்ணும் சொல்லாம போயிட்டான். எங்க வீட்டம்மா துணி மடிச்சுட்டு இருந்தவங்க நிமிந்து கூட பாக்காம ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "ஏங்க, நாங்க ரெண்டு பேரும் ஒரு பேண்டு ஆரம்பிச்சு, குரூப் போட்டு டேட் கேட்டா கன்ஃபர்ம் பண்ணுவீங்களா?"

சிரிக்கிறீங்க, நானும் அன்னைக்கு சிரிச்சேன், சிரிச்சு முடிச்சப்புறம் மூஞ்சியை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல.

ரெண்டாவதா பேசின அம்மா ரொம்ப அழகா ஒரு உவமை சொன்னாங்க. "கிட்டார்ல ஆறு கம்பி, ஒவ்வொண்ணும் ஒரு சுருதி, அத்தனையும் சேத்து மீட்டினா இனிமை, அது மாதிரி வேலை, வீடு, பேண்டு எல்லாத்தையும் ட்யூன் பண்ணி வச்சுகிட்டா வாழ்க்கையே சங்கீதம்"னு. அம்மா, கம்பியோட அடி முனையைத் தாங்குற பிரிட்ஜ் இருக்கே, உங்க கிட்டார்ல அது மரத்துலயே ஒட்டினது போல, அதான் இவ்வளவு நிம்மதியா பேசுறீங்க. என்கிட்ட இருக்கறது ஃப்ளோட்டிங் பிரிட்ஜ். கம்பியெல்லாம் ஒரு பக்கம் இழுக்கும், பின்னாடி ஸ்பிரிங் இன்னொரு பக்கம் இழுக்கும், நடுவுல பிரிட்ஜ் தொங்கிட்டு நிக்கும். அதுல ஒரு கம்பி இறங்கியிருக்கேன்னு முறுக்கி ஏத்துனீங்கன்னா இழுப்பு கூடி பிரிட்ஜ் லேசா சாயும், சாஞ்சா மத்த அஞ்சு கம்பியும் இறங்கிடும். அந்த அஞ்சையும் ஏத்தினா முதல்ல ஏத்தினது மறுபடி இறங்கிடும். ட்யூனரை வச்சுகிட்டு சுத்திச் சுத்தி வரணும். பல பேண்டு வச்சிருக்கறவன் வீடும் இந்த பிரிட்ஜ்தான். புது பேண்டுக்கு ஒரு ரிகர்சலை ஏத்தினேன், ஆபீஸ்ல திங்கக்கிழமை மீட்டிங்குல கண்ணு சொருகிச்சு. சரின்னு ஆபீஸ் வேலையை ராத்திரி உக்காந்து முடிச்சேன், வீட்டுல பேச்சு குறைஞ்சுது. மத்தளத்துக்கு ரெண்டு பக்கம்தாங்க இடி, கிட்டாரிஸ்டுக்கு எத்தனை பக்கம்னு எண்ணவே முடியல.

"பல பேண்டுல வாசிச்சா கை தேறும்"னும் சொன்னாங்க. கை தேறும், மண்டை? ஒரே பாட்டு, முதல் பேண்டுல ஏ மேஜர் சுருதி. ரெண்டாவது பேண்டுல பாடுற பொண்ணுக்கு ஏ செட் ஆகாது, அவங்களுக்கு சி, அதனால கிட்டார் கழுத்துல மூணாவது கட்டத்துல (ஃப்ரெட்) கேப்போங்கற கிளிப்பை மாட்டி கம்பியெல்லாம் அழுத்தி வச்சு, ஏ-க்கு விரல் வைக்கிற அதே ஷேப்ல வாசிக்கிறேன். மூணாவது பேண்டுல பாடகருக்கு மேல எட்டலைன்னு ஆறு கம்பியையும் அரை சுருதி இறக்கி வச்சிருக்கோம், அங்க அதே ஏ ஷேப் பிடிச்சா வர்றது ஏ ஃப்ளாட். கை ஒண்ணு, கேக்குற சுருதி மூணு. இதுல எண்டிங் வேற. ஒரு பேண்டுல கடைசி ரிஃப், அதான் திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் பிட்டு, நாலு தடவை, இன்னொண்ணுல ரெண்டே தடவை. ஒரு சனிக்கிழமை எல்லாரும் ரெண்டு தடவையோட டக்குன்னு நிறுத்திட்டாங்க, நான் மட்டும் கண்ணை மூடிகிட்டு ரொம்ப ஃபீல் பண்ணி மூணாவது தடவைக்கு போயிட்டேன். பேஸ் கிட்டார் வாசிக்கிறவர் என்னைப் பாத்தாரு பாருங்க ஒரு பார்வை. ஜனங்க அதை சோலோன்னு நினைச்சு கைதட்டினாங்க, அது வேற விஷயம்.

அடுத்தது பெரிய ஆளுங்க கதை. எதிரணித் தலைவர் ரெண்டு பேரைச் சொன்னாரு. ஒருத்தர் பாஸ்டன்ங்கற அமெரிக்க ராக் பேண்டோட டாம் ஷோல்ஸ். அமெரிக்காவுல இருக்கற எம்ஐடில மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சவரு, பகல்ல போலராய்டு கேமரா கம்பெனில வேலை, ராத்திரி வீட்டு பேஸ்மெண்ட்ல உக்காந்து ரெக்கார்டிங், அப்படி வந்த முதல் ஆல்பம் 1976ல உலகத்தையே கலக்குச்சு. எல்லாம் சரி தலைவரே. அந்த பாட்டுல பெரும்பாலான வாத்தியத்தை அவரே வாசிச்சாரு, அதுவும் அவர் வீட்டு பேஸ்மெண்ட்ல. ஆம்ப்பை வண்டியில ஏத்தி மூணு ஏரியாவுக்கு மூணு பேண்டுக்கு அலையல. நீங்க கொண்டு வந்த சாட்சி எங்க கட்சிக்காரருங்க.

இன்னொருத்தர் குயீன்ங்கற பிரிட்டிஷ் ராக் பேண்டோட பிரையன் மே. கிட்டாரும் வாசிச்சு வானியற்பியல்ல டாக்டர் பட்டமும் வாங்கினாருன்னு சொன்னாரு, பயங்கர கைதட்டு. எப்ப வாங்கினாருன்னு சொன்னாரா? 2007ல. ஆரம்பிச்சது எப்ப? 1970கள்ல. பேண்டு பெருசாச்சு, ரெண்டையும் சேத்து இழுக்க முடியல, ஆராய்ச்சியை மூட்டை கட்டி பரண்ல போட்டாரு, 30 வருஷத்துக்கு மேல கழிச்சு இறக்கி முடிச்சாரு. அந்த மேதையாலயே ரெண்டை ஒண்ணா சுமக்க முடியலையேன்னு நான் பாக்குறேன். அவர் ஆராய்ச்சி பண்ணினதே சூரிய மண்டலத்துல இருக்கற தூசியைப் பத்தி, பரண்ல கிடந்து கொஞ்சம் தூசி படிஞ்சாலும் சப்ஜெக்டுக்குள்ளதான் வரும். என் பையனை எந்தப் பரண்ல போடுறது? நான் மூணு பேண்டையும் முடிச்சுட்டு வர்ற வரைக்கும் எட்டு வயசுலயே நிப்பானா? மரமா நடிக்கிற வயசு ஒரு வருஷம்தாங்க, அடுத்த வருஷம் வசனம் குடுத்துடுவாங்க.

உடம்பைப் பத்தி ஒண்ணே ஒண்ணு. அமெரிக்காவுல தொழிலாளர் உடல்நலத்துக்குன்னு இருக்கற நயோஷ் நிறுவனத்தோட கணக்குப்படி 85 டெசிபல்ல 8 மணி நேரம் இருக்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல்னா 15 நிமிஷம். சின்ன ரிகர்சல் ரூம்ல ட்ரம்ஸோட சிம்பல் தட்டுக்கு பக்கத்துல நிக்கிறவனுக்கு 100ங்கறது சாதாரணம், பதினஞ்சு நிமிஷத்துல நாங்க ட்யூனிங்கே முடிச்சிருக்க மாட்டோம். இயர்ப்ளக் போடுறேன் இப்பல்லாம், ரொம்ப லேட்டா ஆரம்பிச்சேன். ஞாயித்துக்கிழமை காலையில காதுல கொய்ங்ங்னு ஒரு சத்தம் நிக்காம ஓடிட்டு இருக்கும், பையன் ஏதோ கதை சொல்லுவான், பாதி கேக்காது, கேட்ட மாதிரி தலையாட்டுவேன். ராத்திரி தூங்க வைக்க முதுகு தடவினா "இந்தக் கை வேணாம்பா குத்துது, அந்தக் கை"ம்பான். இடது கை விரல் நுனியெல்லாம் காப்புக் காய்ச்சி இருக்கு இல்லையா. அரிப்புக்கு சொறிய நல்லா இருக்குமேன்னு எதிரணி சொல்லுவாங்க, சொல்லட்டும்.

அப்ப ஏன்யா விட வேண்டியதுதானேன்னு பின்னாடி ஒருத்தர் கத்துறாரு. ஐயா, தலைப்பு விடணுமா வேணாமான்னு இல்ல. நான் விட மாட்டேன், எங்க வீட்டம்மாவும் இதுவரைக்கும் விடுன்னு ஒரு தடவை கூட சொன்னதில்ல. அதுக்காக சுமை சுமையில்லன்னு ஆயிடுமா? சுகம்னு சொல்றவங்க பூரா மேடையில நிக்கிறவங்க. மேடையில நிக்கிறப்ப கிட்டாரோட கனத்தை தோள் பட்டை தாங்கிக்கும், லைட்டு மூஞ்சில அடிக்கும், ஒண்ணும் தெரியாது. ராத்திரி ஒரு மணிக்கு நான் செருப்பைக் கையில எடுத்துகிட்டு சத்தம் போடாம உள்ள நுழைவேன், கிட்டார் பொட்டி நிலைப்படில மடார்னு இடிக்கும், புள்ளை எழுந்து அழும், அவனை மறுபடி தட்டித் தூங்க வச்சது இதுவரைக்கும் நான் இல்ல. சுமையான்னு கேக்கணும்னா அவங்களைத்தான் கேக்கணும், என்னையோ தலைவரையோ கேட்டு என்ன பிரயோஜனம்.

அவங்க வந்திருக்காங்க இன்னைக்கு. மூணாவது வரிசையில ஓரமா, பக்கத்துல பையன் தூங்கிட்டு இருக்கான் பாருங்க, அவங்கதான். நான் ரிகர்சல் முடிச்சு நேரா இங்க ஓடி வந்தேன், மேடைக்கு கூப்பிட்டுட்டாங்க, கிட்டார் பேகை எங்க வைக்கிறதுன்னு தெரியாம அவங்க கையில குடுத்துட்டு ஏறிட்டேன். நான் பேச ஆரம்பிச்சதுலேர்ந்து அது அவங்க மடியிலதான் இருக்கு. நடுவர் அவர்களே, தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் கீழ இறங்கிப் போய், அந்த பேகை ஒரு நிமிஷம் உங்க மடியில வாங்கி வச்சுப் பாருங்க. வணக்கம்.