ரப்பர் வாடை எங்கே தொடங்குகிறது?

நேயர்களுக்கு வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்கு ரப்பர் வாடையை விளக்கவே வேண்டாம். ஒட்டுப்பால், அதாவது தானாக உறைந்துபோன ரப்பர் பால், மூட்டைகளை ஏற்றிய லாரி கடந்து போனால் போதும், தெருவுக்கே தெரியும்.

ஆனால் மரத்திலிருந்து அப்போதுதான் இறங்கிய பாலில் இந்த நாற்றம் இல்லை. பாலில் ரப்பர் சுமார் 30 முதல் 40 சதவீதம். மீதி பெரும்பாலும் தண்ணீர், கூடவே கொஞ்சம் புரதம், சர்க்கரை, கொழுப்பு. பால் பிடிக்கிற சிரட்டையிலேயே உறைந்து, ஈரத்தோடு கிடக்கும் ஒட்டுப்பாலில் பாக்டீரியா இவற்றைத்தான் தின்கிறது. அது வெளிவிடும் அமிலங்கள்தான் நம் மூக்கைத் துளைக்கின்றன. கெட்ட வெண்ணெய் வாடை வந்தால் பியூட்ரிக் அமிலம், வியர்த்த காலுறை வாடை என்றால் ஐசோவலேரிக் அமிலம். மிக மிகச் சிறிய அளவில் இருந்தாலும் மனித மூக்கு இவற்றைக் கண்டுபிடித்துவிடும்.

ஒட்டுப்பாலிலிருந்து ரப்பர் கட்டிகள் செய்யும் ஆலையில் அதை 100 டிகிரிக்கு மேல் சூடான காற்றில் உலர்த்துவார்கள். வாரக்கணக்கில் சேர்ந்த அமிலமெல்லாம் அங்கேதான் ஆவியாகிறது. ஊர்க்காரர்கள் புகைபோக்கியைக் காட்டிக் கோபப்படுவது நியாயம். அங்கே தண்ணீரும், அமிலத்தை முறிக்கும் காரக் கரைசலும் தெளித்துக் காற்றைக் கழுவும் கருவி கட்டாயம் வேண்டும். வாசனைத் திரவம் தெளித்து மறைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது வாடையோடு இன்னொரு வாடையைச் சேர்ப்பதுதான். ஆனாலும் கருவி கடைசி வேலை. முதல் வேலை தோட்டத்தில் இருக்கிறது. ஒட்டுப்பாலை ஈரச் சாக்கில் கட்டி வைக்காதீர்கள், தண்ணீரில் ஊறவிடாதீர்கள். நிழலில், நீர் வடிகிற தட்டில் பரப்பி வையுங்கள். முடிந்தவரை பாலை அன்றன்றைக்கே பார்மிக் அமிலம் விட்டு உறைய வைத்து, ஷீட்டாக்கிக் கழுவி, நீர் வடிந்ததும் புகையறையில் ஏற்றுங்கள்.

அழுகிய முட்டை வாடை வந்தால் அது வேறு விஷயம், கழிவுநீர்க் குழியைப் பாருங்கள். பாலை உறைய வைக்கக் கந்தக அமிலம் பயன்படுத்தும் இடங்களில், காற்றுப் புகாத குழியில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உருவாகும். இது ஆளைக் கொல்லும். அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. அதனால் நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி யாரும் குழிக்குள் இறங்கவே கூடாது. தயவுசெய்து இதை உங்கள் தொழிலாளர்களிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

ஷீட் கழுவிய நீரும் உறைந்த பாலிலிருந்து பிரியும் நீரும் திறந்த வாய்க்காலில் போக வேண்டியதில்லை. மூடிய தொட்டியில் விட்டால் பயோகாஸ் கிடைக்கும். அடுப்பும் எரியும், வாடையும் குறையும்.

ஆலைக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஈரமும் மண்ணுமாக வரும் ஒட்டுப்பாலுக்கும், சுத்தமாக உலர்த்திக் கொண்டுவருவதற்கும் ஒரே விலை போட்டால் எந்த விவசாயி மெனக்கெடுவார்? உலர்ந்ததற்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.